கோவப்படாத 30 நாளும் எங்க வீட்டு பால் கணக்கும்

போன ஆவணில சொந்தக்காரங்க கல்யாணம், கோயில்ல வச்சு. நல்ல முகூர்த்த நாளுங்கறதால அன்னைக்கு மட்டும் அங்க 11 கல்யாணம், செருப்பு ஸ்டாண்ட்ல ரேஷன் கடை மாதிரி கூட்டம். இதுல யாரு நிக்கிறதுன்னு ஸ்டாண்டுக்கு பக்கத்துலயே ஒரு தூண் ஓரமா கழட்டி விட்டுட்டு உள்ள போயிட்டேன். புது செருப்பு, வாங்கி 9 நாள் தான் ஆகுது, 1,850 ரூபா. குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னாரேன்னு மனச கல்லாக்கிட்டு வாங்குனது, அதுக்கு முன்னாடி செருப்புக்குன்னு நான் 400 ரூபாய்க்கு மேல குடுத்ததே கிடையாது. தாலி கட்டி முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, பன்னெண்டு மணிக்கு வெளிய வந்து பாத்தா தூண் இருக்கு, செருப்பு இல்ல.

நேரா ஸ்டாண்ட்ல உக்காந்திருந்த பெரியவர்கிட்ட போயி கத்த ஆரம்பிச்சேன். அவரு கேட்டது ஒரே ஒரு கேள்வி, "டோக்கன் வாங்குனீங்களா சார்?" வாங்கல. வாங்கலங்கறதுதான் எனக்கு இன்னும் ஏத்தி விட்டுச்சு. பின்ன நீ எதுக்குய்யா இங்க உக்காந்திருக்க, எவன் எடுத்துட்டு போறான்னு பாத்துட்டு சும்மா இருந்தியா, உனக்கும் இதுல பங்கா, இப்டி வாய்க்கு வந்ததெல்லாம். எழுபது வயசு இருக்கும் அவருக்கு. பதிலுக்கு ஒண்ணும் சொல்லல, அடுத்த ஆள் நீட்டுன டோக்கன வாங்கி பாத்து செருப்ப எடுத்து குடுத்துட்டே இருந்தாரு, நான் ஏதோ ஸ்பீக்கர்ல ஓடுற விளம்பரம் மாதிரி.

ப்ளஸ் டூ படிக்கிற என் பொண்ணு பக்கத்துலயே நின்னா. பைக் நிறுத்துன இடம் வரைக்கும் அந்த வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலோட நிழல் பாத்து நிழல் பாத்து தாவிட்டே போறேன், அவ ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்தப்பறம் சமையக்கட்டுல அவ அம்மாகிட்ட சொன்னது ஹால்ல இருந்த எனக்கு நல்லாவே கேட்டுச்சு. "செருப்பு போனா போகுதும்மா, அந்த தாத்தாவ பாத்து உனக்கும் பங்கான்னு கேட்டுட்டாரு."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கால் வேற எரியுது.

இந்த ஸ்டோயிக் தத்துவம்ங்கற பழைய கிரேக்க, ரோமானிய சமாச்சாரம் எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும், ஆனா தப்பான வழில தெரியும். என் அக்கா பையன் ஒருத்தன் ஜிம்முக்கு போறவன், வாரத்துக்கு நாலு ரீல்ஸ் அனுப்புவான். மழை பெய்யும், ஒரு சிங்கம் நடந்து வரும், கனமான குரல்ல ஒருத்தர் எதையும் உணராதே யாரையும் நம்பாதேம்பாரு, கீழ மார்கஸ் ஆரேலியஸ்னு ஒரு ரோமானிய பேரரசரோட பேரு போட்டிருக்கும். அதெல்லாம் அவரு சொன்னதே இல்லன்னு பின்னாடி படிச்சப்போதான் தெரிஞ்சுது. அதே பையன் எப்பவோ எபிக்டெட்டஸ்ங்கற பழைய ஸ்டோயிக் வாத்தியாரோட பிடிஎஃப் ஒண்ணையும் அனுப்பி வச்சிருந்தான், திறந்து கூட பாக்கல. அன்னைக்கு ராத்திரி போன்ல சும்மா நோண்டும்போது கண்ணுல பட்டுச்சு, திறந்தேன். எங்கேர்ந்து படிக்கிறதுன்னு தெரியல. சரின்னு தேடுற கட்டத்துல திருடன்னு இங்கிலீஷ்ல அடிச்சேன், நிஜமாவே. 44 வயசு ஆளு, ராத்திரி 1 மணிக்கு, 1,900 வருஷத்துக்கு முந்தின புத்தகத்துல செருப்பு திருடன தேடுறேன்.

கிடைச்சான். செருப்பு திருடன் இல்ல, விளக்கு திருடன்.

எபிக்டெட்டஸ் வீட்டுல சாமி வச்சிருந்த இடத்துக்கு பக்கத்துல ஒரு இரும்பு விளக்கு இருந்திருக்கு, நம்ம வீட்டு பூஜை ரூம்ல இருக்குமே அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரு நாள் ஏதோ சத்தம் கேட்டு ஓடிப்போயி பாக்குறாரு, விளக்கு போயிருச்சு. அவரு என்ன சொல்லிக்கிட்டாருன்னா, எடுத்தவனுக்கு எடுக்கணும்னு தோணுனதுல அவனுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும், சரி, நாளைக்கு மண் விளக்கு ஒண்ணு வாங்கிக்கலாம், இருக்குறதத்தானே மனுசன் தொலைக்க முடியும்னு. அதோட விடல, என் மேலங்கி போச்சேன்னு அழறியா, மேலங்கி இருந்துச்சு அதனால போச்சு, தலை வலிக்குதுங்கறியா, தலை இருக்கு வலிக்குது, கொம்பா வலிக்குதுன்னு கேக்குறாரு. ராத்திரி 1 மணிக்கு நான் தனியா சிரிச்சத பாத்து என் வீட்டுக்காரம்மா பயந்துட்டா.

அதே விளக்கு கதைய அவரு இன்னொரு இடத்துலயும் எடுக்குறாரு, அது கொஞ்சம் காரமானது. நான் ஏன் விளக்க தொலைச்சேன், முழிச்சிருக்குறதுல திருடன் என்னைய விட கெட்டிக்காரன், அதனால. ஆனா அவன் அந்த விளக்குக்கு என்ன வெல குடுத்திருக்கான் பாரு, ஒரு விளக்குக்காக திருடனாயிட்டான், நம்பிக்கைக்கு லாயக்கில்லாதவனாயிட்டான்னு சொல்றாரு. நான் கணக்கு எழுதுற உத்தியோகத்துல இருக்குறவன், இந்த வெல விஷயம் எனக்கு சுருக்குன்னு குத்துச்சு. என் செருப்ப எடுத்தவன் என்ன வெல குடுத்தானோ எனக்கு தெரியாது. நான் குடுத்த வெல தெரியும், 1,850 ரூபா அதுல சின்ன தொகை.

அந்த மண் விளக்குக்கு ஒரு பின் கதை இருக்கு. எபிக்டெட்டஸ் செத்தப்பறம் அவரோட மண் விளக்க ஒருத்தன் 3,000 டிராக்மா குடுத்து வாங்குனானாம், அந்த வெளிச்சத்துல உக்காந்து படிச்சா அவரோட ஞானம் தனக்கும் ஒட்டிக்கும்னு. லூசியன்னு ஒரு கிண்டல்கார எழுத்தாளர் இத சொல்லி சிரிக்கிறாரு. ரீல்ஸ்ல சிங்கம் ஓட்டுறவங்களுக்கு மூதாதையர் அப்பவே இருந்திருக்காரு.

யாரு இந்த ஆளுன்னா, சுமார் கி.பி. 50ல இன்னைக்கு துருக்கில இருக்குற பாமுக்கலேக்கு பக்கத்துல ஹையராபோலிஸ்ங்கற ஊர்ல பொறந்த ஒரு அடிமை. அவரோட பேருக்கே அர்த்தம் சம்பாதிச்சுக்கிட்டதுன்னு தான், ஆடு மாடு வாங்குன மாதிரி. ரோம்ல நீரோ மன்னன்கிட்ட செயலாளரா இருந்த எபாஃப்ரோடிட்டஸ்ங்கறவரோட சொத்து இவரு, அந்த எபாஃப்ரோடிட்டஸும் அடிமையா இருந்து விடுதலையானவர்ங்கறது தனி கூத்து. இவருக்கு ஒரு கால் ஊனம். எஜமான் கால முறுக்குனான், இப்டி முறுக்குனா ஒடிஞ்சுரும்னு இவரு அமைதியா சொன்னாரு, ஒடிஞ்சதும் நான் சொன்னேன்லன்னாருன்னு ஒரு கதை உண்டு. சின்ன வயசுலேர்ந்தே நொண்டின்னும் இன்னொரு தரப்பு சொல்லுது, எனக்கு ரெண்டாவதுதான் நம்புற மாதிரி இருக்கு, முதல் கதைல சினிமா வாசனை அடிக்குது. அடிமையா இருக்கும்போதே முசோனியஸ் ரூஃபஸ்ங்கற ஸ்டோயிக் வாத்தியார்கிட்ட படிச்சிருக்காரு. அப்பறம் விடுதலையாகி, டொமிஷியன் பேரரசர் தத்துவக்காரங்க எல்லாரையும் ரோம விட்டு விரட்டுனப்போ கிரேக்கத்துக்கு மேற்குக்கரைல நிகோபோலிஸ்ங்கற துறைமுக ஊருக்கு போயி பள்ளிக்கூடம் நடத்துனாரு. அவரு கைப்பட எதுவும் எழுதல, அரியன்னு ஒரு மாணவர் எடுத்த நோட்ஸ்தான் நமக்கு கிடைச்சிருக்கு, 8 தொகுதின்னு சொல்றாங்க, மிச்சம் இருக்குறது 4. அதுலேர்ந்து சுருக்கி கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு சின்ன புத்தகமும் உண்டு.

ஸ்டோயிக்ங்கற பேருக்கு என்ன அர்த்தம்னு பாத்தேன், ஸ்டோவான்னா தூண் வச்ச தாழ்வாரம், ஏதென்ஸ் சந்தைவெளில ஓவியமெல்லாம் வரைஞ்ச ஒரு தாழ்வாரத்துல சைப்ரஸ்காரர் ஜீனோ கி.மு. 300 வாக்குல பேச ஆரம்பிச்சாரு, அதான் பேரு. நம்ம பாஷைல சொன்னா திண்ணைக்காரங்க. ஜீனோ கப்பல் வியாபாரி, ஊதா சாயம் ஏத்திட்டு வந்த கப்பல் கவுந்து போயி ஏதென்ஸ் வந்து சேந்தவரு. அவரு செருப்பு என்னோடத விட காஸ்ட்லி.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஸ்டோயிக்னாலே உன் கைல இருக்குறது எது இல்லாதது எதுன்னு பிரிச்சுக்கோன்னு எல்லாரும் ஒரு வரி சொல்லிட்டு போயிடுவாங்க. அந்த வரிய கேட்டா எனக்கு அப்பல்லாம் கடுப்புதான் வரும், ஏன்னா கோவம் என் கைல இருக்கா இல்லையா, அதுதானே பிரச்சனை. எனக்கு கோவம் வரும்போது என்னைய கேட்டுட்டா வருது? இத படிச்சப்போதான் அவங்க பிரிக்கிற இடமே வேறன்னு புரிஞ்சுது. தோணுறது ஒண்ணு, அதுக்கு ஆமா போடுறது வேற ஒண்ணு. செருப்பு காணோம்னதும் நெஞ்சுல ஒரு குத்து, காது சூடாகுறது, கை நடுங்குறது, இதெல்லாம் யாரு கைலயும் இல்ல, பெரிய ஞானிக்கும் வரும். அடுத்து மனசு ஒரு வரி எழுதும், இந்த கெழவன் பாத்துட்டு சும்மா இருந்திருக்கான்னு. அந்த வரிக்கு கீழ கையெழுத்து போடுறது மட்டும் நம்ம வேலை. வவுச்சர்ல அதிகாரி கையெழுத்து இல்லாம பணம் வெளிய போகாதுல்ல, அது மாதிரி.

இதுக்கு ஒரு அருமையான சம்பவம் இருக்கு. ஆலஸ் கெல்லியஸ்ங்கற ரோமானியர் கப்பல்ல கிரேக்கத்துலேர்ந்து இத்தாலிக்கு போறாரு, ராத்திரி பூரா புயல், கூட ஒரு பிரபலமான ஸ்டோயிக் வாத்தியாரும் இருக்காரு. இவரு எப்டி இருக்காருன்னு பாப்போம்னு எல்லாரு கண்ணும் அவரு மேல. பாத்தா அவரும் மத்தவங்க மாதிரியே வெளுத்துப்போயி உக்காந்திருக்காரு, சத்தம் போட்டு அழல, அவ்வளவுதான். புயல் ஓய்ஞ்சதும் ஒரு பணக்காரர் வந்து, என்னய்யா தத்துவக்காரரே, நானே பயப்படல நீ பயந்துட்டியேன்னு நக்கல் பண்றாரு. அப்பறம் கெல்லியஸ் மரியாதையா போயி காரணம் கேக்கவும் அந்த வாத்தியார் பையிலேர்ந்து எபிக்டெட்டஸோட அஞ்சாவது தொகுதிய எடுத்து காட்டுறாரு. திடீர்னு பெரிய சத்தம் கேட்டா ஞானியும் ஒரு நிமிஷம் வெளுத்துதான் போவான், ஆனா இது நிஜமாவே ஆபத்து இது நிஜமாவே கெட்டதுன்னு அவன் மனசு ஆமா போடாது, வித்தியாசம் அங்கதான்னு எழுதியிருக்கு. அந்த அஞ்சாவது தொகுதி இன்னைக்கு கிடையாது, அதுல இந்த துண்டு மட்டும் பொழச்சு வந்தது அந்த புயலால. வெளுத்துப்போன ஒரு வாத்தியார்தான் எனக்கு அந்த ரீல்ஸ் சிங்கத்த விட தைரியம் குடுத்தாரு.

அப்பறம்தான் என் காலண்டர் கதை ஆரம்பிக்குது. எபிக்டெட்டஸ் கோவத்துக்கு ஒரு வைத்தியம் சொல்றாரு, வைத்தியம்னா பெருசா ஒண்ணுமில்ல, எண்ணுறது. நடந்தா நடை வளரும், படிச்சா படிப்பு வளரும், கோவப்பட்டா கோவம் வளரும், நீ ஒரு தடவ கோவப்பட்டது ஒரு தடவ மட்டுமில்ல, அடுப்புல இன்னொரு விறக சொருகி வச்சுட்டேன்னு அர்த்தம். அதனால எண்ணிட்டு வா. முன்னாடி தினமும் கோவப்பட்டேன், இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்பறம் மூணு நாளைக்கு ஒருக்கா, நாலு நாளைக்கு ஒருக்கா, முப்பது நாள் தாண்டிட்டியா, சாமிக்கு பலி குடுத்து கொண்டாடுன்னு சொல்றாரு. என்னைய மாதிரி கணக்கு பாக்குறவனுக்கு இத விட என்ன வேணும்.

சமையக்கட்டு சுவத்துல மளிகைக்கடைல குடுத்த மாத காலண்டர் தொங்குது. தினசரி காலண்டர்ல போட்டா கிழிச்சு தூக்கி போட்டுருவாங்கன்னு இத புடிச்சேன். செப்டம்பர் 1லேர்ந்து, சத்தம் போட்ட நாளைக்கு ராத்திரி சேப்பு பேனால ஒரு பெருக்கல் குறி. யார்கிட்டயும் சொல்லல, சொன்னா என் வீட்டுல அதவே வச்சு செய்வாங்க.

எண்ண ஆரம்பிச்சதும் முதல்ல தெரிஞ்சது என்னன்னா நான் நெனச்ச விஷயத்துக்கெல்லாம் எனக்கு கோவம் வர்றதில்ல. ஆபிஸ்ல மேனேஜர் கேவலமா பேசுனா கூட அப்டியே விழுங்கிட்டு வந்துடுறேன், ஆனா ஹெட்போன் மாட்டிட்டு பொண்ணு கூப்ட்டது கேக்கலன்னா, அம்மா ஒரே கேள்விய மூணாவது தடவ கேட்டா, சிக்னல்ல பின்னாடி ஹாரன் அடிச்சா, வெடிக்கிறேன். அதாவது என் கோவத்துக்கு நல்லாவே கண்ணு தெரியுது, யாரு திருப்பி அடிக்க மாட்டாங்களோ அவங்கள பாத்துதான் போகுது. செருப்பு ஸ்டாண்ட் பெரியவர் மாதிரி. இது தெரிஞ்சப்போ ரெண்டு நாள் எனக்கே என்னைய பாக்க புடிக்கல. செப்டம்பர்ல மொத்தம் 14 குறி. மாச கடைசில எண்ணி பாத்துட்டு பேசாம பேனாவ வச்சுட்டேன்.

செனெகான்னு இன்னொரு ரோமானிய ஸ்டோயிக்காரர், அவரும் இந்த மாதிரி ராத்திரி கணக்கு பாக்குற ஆளுதான். விளக்க எடுத்துட்டு போனப்பறம், அவரு வழக்கம் தெரிஞ்ச அவரு மனைவி பேச்ச நிறுத்துனப்பறம், இன்னைக்கு என்ன சொன்னேன் என்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம பாப்பாராம், எதையும் மறைக்காம, அடுத்த தடவ பாத்துக்கோ இப்ப மன்னிச்சுட்டேன்னு தனக்குத்தானே சொல்லிக்குவாராம். அந்த மன்னிப்பு எனக்கு புடிச்சது. ஆளு யோக்கியனான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, நீரோவுக்கு வாத்தியார், எளிமைய பத்தி எழுதுன கையால கோடி கோடியா சேத்தவரு, 4 வருஷத்துல 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய காசு) சேத்தாரே அது எந்த தத்துவத்தாலன்னு அவர பாத்து அப்பவே ஒருத்தன் கேட்டத டாசிட்டஸ்ங்கற வரலாற்று ஆசிரியர் எழுதி வச்சிருக்காரு. கடைசில அதே நீரோ உத்தரவுல கி.பி. 65ல உயிர விட்டாரு. ஆனாலும் அவரு எழுதுன ஒரு கடிதம் இருக்கு. டிசம்பர்ல ரோமே பண்டிகை கொண்டாடிட்டு இருக்கும்போது, நீ சில நாள் மட்டமான சாப்பாடு சாப்ட்டு முரட்டு துணி கட்டிட்டு இருந்து பாரு, இதுக்கா நான் பயந்தேன்னு கேட்டுக்கோங்கறாரு. அதோட உடனே, இத பண்ணிட்டு பெருசா சாதிச்சதா நெனைக்காத, ஆயிரக்கணக்கான அடிமைங்களும் ஏழைங்களும் தினமும் பண்றதுதான் இதுன்னு ஒரு குட்டும் வைக்கிறாரு. அந்த குட்டு இல்லன்னா நான் அந்த கடிதத்த மூடி வச்சிருப்பேன்.

நானும் 4 நாள் ரசம் சாதம், மோர் சாதம்னு இருந்து பாத்தேன். வயித்துக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அம்மா ஓம தண்ணி போட்டு குடுத்தாங்க. அதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணுமில்ல. ரப்பர் செருப்பு 160 ரூபாய்க்கு ஒண்ணு வாங்குனது மட்டும் நின்னுடுச்சு, குதிகால் வலிக்கு தனியா மெத்து ஒண்ணு உள்ள வச்சுக்கிட்டேன், எந்த கோயில் வாசல்லயும் இப்ப திரும்பி திரும்பி பாக்குறதில்ல.

எனக்கு ரொம்ப வேலைக்கு ஆனது எபிக்டெட்டஸோட கீரை கணக்குதான். யாரோ ஒருத்தர் விருந்துக்கு உன்னைய கூப்புடலன்னு வருத்தப்படுறியா, லெட்யூஸ் கீரை என்ன வெல, ஒரு ஓபல் காசு, அவன் காச குடுத்து கீரைய வாங்கிட்டு போனான், நீ குடுக்கல வாங்கல, அவன்கிட்ட கீரை இருக்கு உன்கிட்ட காசு இருக்கு, யாருக்கு நஷ்டம்? விருந்துக்கும் ஒரு வெல உண்டு, கூப்புடுறவன புகழணும், அவன் பின்னாடி திரியணும், அத நீ குடுக்கல, அப்பறம் ஏன் கீரை மட்டும் கேக்குறங்கறாரு எபிக்டெட்டஸ். இத படிச்சதும் எனக்கு எங்க குடும்பமே ஞாபகம் வந்துச்சு. எங்க சித்தப்பா வீட்டு கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வச்சு பத்திரிகை குடுக்கல, வாட்சப்ல அனுப்பிட்டாங்கன்னு 6 வருஷமா நாங்க அந்த வீட்டு படி ஏறல. யோசிச்சு பாத்தா சித்தப்பா ஆஸ்பத்திரில இருந்த 12 நாள்ல நான் ஒரு நாள் கூட போயி எட்டி பாக்கல, மார்ச் மாசம், கணக்கு முடிக்கிற நேரம்னு சாக்கு. காசு குடுக்காமலே கீரை கேட்டிருக்கேன். தீபாவளிக்கு முந்தின வாரம் நானே போனேன். சித்தி காபி குடுத்துட்டு, "இப்பதான் வழி தெரிஞ்சுதா தம்பி?"ன்னாங்க. சுருக்குன்னுச்சு, ஆனா அன்னைக்கு காலண்டர்ல குறி இல்ல.

இதெல்லாம் சொல்றதால நான் எபிக்டெட்டஸ் சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டுறேன்னு இல்ல. புள்ளைக்கு முத்தம் குடுக்கும்போது இது சாகப்போற உயிருன்னு ஞாபகம் வச்சுக்கோன்னு ஒரு எடம் வருது, அத என்னால இன்னைக்கு வரைக்கும் தாண்ட முடியல. பானைய நேசிச்சா இது பானைன்னு சொல்லிக்கோ, ஒடைஞ்சா கலங்க மாட்டங்கறதுலேர்ந்து ஆரம்பிச்சு அடுத்த வரிலயே புள்ளைக்கு தாவிடுறாரு. பானையும் புள்ளையும் ஒண்ணான்னு புத்தகத்த மூடிட்டேன். அப்பறம் தெரிஞ்சுது, மார்கஸ் ஆரேலியஸும் இந்த வரிய தன் குறிப்புல எழுதி வச்சிருக்காரு, அவருக்கு 13, 14 புள்ளைங்க பொறந்து பாதிக்கு மேல அவரு கண்ணு முன்னாடியே போயிடுச்சு. அவரு எழுதுறப்போ அந்த வரிக்கு வேற எடை. எபிக்டெட்டஸுக்கு சொந்த புள்ளை கிடையாது, ஆனா வயசான காலத்துல, வறுமையால தெருவுல விட்டுடலாம்னு நண்பர் ஒருத்தர் நெனச்ச குழந்தைய தூக்கிட்டு வந்து, அத பாத்துக்க ஒரு பொம்பளையையும் வீட்டுல வச்சு வளத்தாருன்னு சிம்ப்ளிசியஸ்னு பின்னாடி வந்த உரைகாரர் எழுதுறாரு. பானைன்னு சொன்ன ஆளு பண்ண வேலையா இது. எனக்கு அந்த வரி இன்னும் புடிக்கல, அந்த ஆள புடிச்சிருக்கு.

இன்னொண்ணு, எங்க ஆபிஸ்ல ஒரு தம்பிகிட்ட இத பேசிட்டு இருந்தப்போ அவன் கேட்டான், "அண்ணே, ரெண்டு மாசம் சம்பளம் போடலன்னாலும் என் கைல இல்லைன்னு சிரிச்சுட்டே இருக்கணுமா?" நியாயமான கேள்வி, முதலாளிங்களுக்கு ரொம்ப வசதியான தத்துவமாத்தான் இத இப்ப விக்கிறாங்க. அவனுக்கு ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ்னு ரோம் செனட்ல இருந்த ஒரு ஸ்டோயிக்காரர் கதைய சொன்னேன். வெஸ்பேசியன் பேரரசர் இவருக்கு சொல்லி அனுப்புறாரு, செனட் சபைக்கு வராதன்னு. இவரு சொல்றாரு, என்னைய உறுப்பினரா வச்சிருக்குறதும் எடுக்குறதும் உங்க கைல, உறுப்பினரா இருக்குற வரைக்கும் நான் வரணும். சரி வா, ஆனா வாய தொறக்காத. என் கருத்த கேக்காதீங்க, தொறக்க மாட்டேன். நான் கேட்டுத்தான் ஆகணும். அப்ப எனக்கு சரின்னு பட்டத நான் சொல்லித்தான் ஆகணும். சொன்னா கொன்னுடுவேன். நான் சாக மாட்டேன்னு எப்ப உங்ககிட்ட சொன்னேன், உங்க வேலைய நீங்க பாருங்க என் வேலைய நான் பாக்குறேன். அந்த ஆள கடைசில கொன்னுதான் போட்டாங்க. தம்பி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, லேபர் ஆபிஸ்ல மனு குடுக்குறத பத்தி விசாரிக்க ஆரம்பிச்சான்.

அந்த செருப்பு ஸ்டாண்ட் பெரியவர பாக்க அக்டோபர்ல போனேன், பொண்ணையும் கூட்டிட்டு. மனசுக்குள்ள வசனமெல்லாம் தயார் பண்ணிட்டு போனேன். ரப்பர் செருப்ப கழட்டி குடுத்து டோக்கன் வாங்கிட்டு, ஐயா அன்னைக்கு தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னேன். அவரு என்னைய ஏற இறங்க பாத்தாரு. "தினமும் நாலு பேரு திட்டுவாங்க சார், இதுல நீங்க எதுன்னு எனக்கு எப்டி தெரியும்? நகருங்க, பின்னால ஆள் நிக்குது." பொண்ணு அவ்வளவு சிரிச்சா. நான் ரெண்டு மாசமா தூக்கி சுமந்த ஒண்ண அவரு அன்னைக்கு அந்த டோக்கனோடவே இறக்கி வச்சிருக்காரு. அவரு எந்த புத்தகமும் படிச்ச மாதிரி தெரியல.

இப்ப பால் கணக்கு. எங்க வீட்டுல பால்காரர் கறந்த பால் ஊத்துறாரு, தினமும் ஒரு லிட்டர், 60 ரூபா. பால் வராத நாளைக்கு என் வீட்டுக்காரம்மா அதே மளிகைக்கடை காலண்டர்ல பெருக்கல் குறி போடுவா, நீல பேனால. இது எனக்கு தெரியவே தெரியாது, 18 வருஷமா அந்த சமையக்கட்டுல சாப்டுறேன். மாச கடைசில கணக்கு முடிச்சு காசு குடுக்குறது எங்க அம்மா. அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் இன்னும் பண்ணல, நீலம் சேப்பெல்லாம் ஒண்ணுதான். செப்டம்பர் கணக்குக்கு வீட்டுக்காரம்மாவோட குறி 2, என்னோட குறி 14, மொத்தம் 16 நாள் பால் வரலன்னு கழிச்சு பாக்கி 840 ரூபாவ குடுத்திருக்காங்க. பால்காரர் வாசல்ல நின்னுட்டு தன்னோட அட்டை நோட்ட விரிச்சு காட்டுறாரு, 28 நாள் ஊத்தியிருக்கேன் பெரியம்மா, 1,680 வரணும்னு. அம்மா, காலண்டர் பொய் சொல்லுமான்னு கேக்குறாங்க.

சத்தம் கேட்டு நான் வெளிய வந்தேன். வந்தவன் விசாரிச்சேனா, இல்ல. "வயசானவங்கன்னா ஏமாத்தலாம்னு பாக்குறீங்களா, 16 நாள் வராம முழு காசு கேக்குறீங்க?"ன்னு தெருவே திரும்பி பாக்குற மாதிரி ஒரு பிடி பிடிச்சேன். அவரு முகம் செத்து போச்சு. அம்மா ஆதாரத்துக்கு உள்ள போயி காலண்டர ஆணியோட கழட்டிட்டு வந்து நீட்டுனாங்க. பாத்தேன். சேப்பு. எல்லாம் என் கையெழுத்து.

வீட்டுக்காரம்மா எட்டிப்பாத்து, இந்த சேப்பெல்லாம் யாரு போட்டதுன்னு கேட்டா. வேற வழியில்லாம வாசல்ல நின்னு, பால்காரர் முன்னாடி, பக்கத்து வீட்டுக்காரம்மா கோலம் போட்டுட்டு இருக்கும்போது, இதெல்லாம் நான் கோவப்பட்ட நாளுன்னு சொன்னேன். யாரும் ஒரு அஞ்சு செகண்ட் பேசல. அப்பறம் பொண்ணு உள்ளேர்ந்து சேப்பு பேனாவ எடுத்துட்டு வந்து என் கைல குடுத்தா, இன்னைக்குதுக்கு.

மிச்ச 840 ரூபாவ குடுத்துட்டு அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன், அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அக்டோபர்ல 9 குறி, நவம்பர்ல 6, அதுல ஒரு தடவ தொடர்ந்து 11 நாள் தாண்டுனேன், பன்னெண்டாவது நாள் இன்டர்நெட் கட்டாகி கஸ்டமர் கேர் பையன்கிட்ட போச்சு. முப்பதெல்லாம் கண்ணுக்கெட்டுன தூரத்துல இல்ல. நேத்து காலைல பால ஊத்திட்டே கேக்குறாரு, "இப்ப எத்தன நாள் சார்?" 8ன்னேன். "போன தடவ பதினொண்ணுல விட்டீங்கல்ல"ன்னுட்டு கேன மாட்டிக்கிட்டு சைக்கிள தள்ளிட்டு போயிட்டாரு.